உப்புப் பார்த்த ஈஸ்டர்

"சின்ன புரொசீஜர்தான் அங்கிள்" என்றார் டாக்டர்.

ஈஸ்டருக்கு முந்திய திங்கட்கிழமை. கிள்ளானில், மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், என் மனைவி சக்கர நாற்காலியில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். டாக்டருக்கு என் மகள் வயது இருக்கும் – எனக்கு மகள் இருந்திருந்தால். எடை எழுதிய தாளை என் பக்கம் திருப்பினார்.

"ஆன்டி மூணு வேளையும் சாப்பிடணும். அடுத்த செவ்வாய்க்கிழமை வரைக்கும் பார்ப்போம். வெயிட் இன்னும் இறங்கியிருந்தா, மூக்கு வழியா டியூப் போட்டுடலாம்."

முப்பத்து நான்கு வருடம் அரசாங்க அலுவலகத்தில் மற்றவர்கள் நிரப்பிய பாரங்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன் நான். 'சின்ன' என்ற அடைமொழியோடு வந்த எந்த நடைமுறையும் சின்னதாக இருந்து பார்த்ததில்லை.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும் – சென்ற தீபாவளிக்கு முந்திய வாரம் என் மனைவி பிலோமினாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. மிஞ்சியவை நான்கே சொற்கள்.

தண்ணி. வலி. ஏன்.

முப்பத்தெட்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவளுக்கு 'ஏன்' என்ற சொல் மட்டும் பத்திரமாக மிஞ்சியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

நான்காவது சொல்தான் வில்லங்கம். சில வாரங்களாகச் சாப்பாட்டுத் தட்டைக் கண்டால் சொல்வாள். "ஓ... சந்தி." அவ்வளவுதான். சொல்லிவிட்டு உதடுகளை மூடிக்கொள்வாள். பிறகு கரண்டியால் நெம்பினாலும் திறக்காது.

பெட்டாலிங் ஜெயாவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, பணி ஓய்வுக்குப் பிறகு தெலுக் பங்லிமா காராங்கைத் தாண்டி, செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் ஒரு லோரோங்கில், அதாவது சிறு தெருவில், வீடு வாங்கினோம். மொத்தம் ஏழு வீடுகள். லோரி சத்தம் கிடையாது, எல்ஆர்டி ரயில் சத்தம் கிடையாது. அமைதி வேண்டும் என்று கேட்டோம்...

கொடுத்துவிட்டார்கள். பேச்சுத்துணையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு.

ஒரு பிரச்சினை வந்தால் என் போன்றவன் என்ன செய்வான்? அட்டவணை போடுவான். நானும் போட்டேன். தேதி, காலை, மதியம், இரவு. ஒவ்வொரு வேளைக்கும் இரண்டு கட்டங்கள் – 'உட்கொண்டது', 'மறுப்பு'. நீல மையில் டிக். கீழே என் சுருக்கொப்பம். எழுபத்தொரு வயதில் எனக்கு நானே மேலதிகாரி, எனக்கு நானே கீழதிகாரி.

மூன்று வாரத்தில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. காலையில் மறுப்பு. மதியம் கொஞ்சம் கஞ்சி, கொஞ்சம் மசித்த கீரை, ஒன்றிரண்டு இருமல். இரவில் மறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று வேளையும் வாய் திறந்தது!

ஞாயிற்றுக்கிழமையில் என்ன விசேஷம்? யோசித்தேன். என் அக்கா மகள் சாந்தி, பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறாள், வங்கி வேலை. ஞாயிறுதோறும் காரை எடுத்துக்கொண்டு அத்தையைப் பார்க்க வந்துவிடுவாள்.

சாந்தி.

ஓ... சந்தி.

ஓ, சாந்தி!

நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். பக்கவாதம் வந்தவர்களுக்கு நெடில் குறிலாவது சகஜம்தானே? மனைவி மருமகளுக்காக ஏங்குகிறாள். அவள் வந்தால் சாப்பிடுகிறாள், வராவிட்டால் மறுக்கிறாள். ஆதாரம் அட்டவணையில் இருக்கிறது. என் சர்வீஸில் இதைவிடக் குறைந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு பெரிய பெரிய முடிவுகளை எடுத்திருக்கிறேன்.

சாந்திக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் ஒரு புதன்கிழமை அவசர லீவு எடுத்துக்கொண்டு, விடியற்காலை நெரிசலில் இரண்டு மணி நேரம் காரோட்டி வந்தாள். அத்தைக்குத் தலை சீவி விட்டாள். கஞ்சியை ஆற்றிக் கரண்டியை நீட்டினாள்.

பிலோமினா இடது கையால் சாந்தியின் கன்னத்தைத் தடவினாள். "ஓ... சந்தி" என்றாள். உதடுகளை மூடிக்கொண்டாள்.

சமையலறையில் போய் நின்று அழுதாள் சாந்தி. "மாமா... அத்தைக்கு என்னையப் புடிக்கலையா மாமா?"

"புடிக்காமலா பேரச் சொல்லிக் கூப்புடுறா?"

"கூப்புட்டுட்டு ஏன் மாமா வாய மூடிக்கிறாங்க?"

ஆனாலும் நான் விடவில்லை. அடுத்த வாரம் இரண்டு நாள், அதற்கடுத்த வாரம் இரண்டு நாள் என்று அவளை வரச் சொன்னேன். ஆக மொத்தம் ஐந்து நாள் லீவு. ஐந்து நாளும் காலைக் கட்டத்தில் 'மறுப்பு'. அதற்குப் பிறகுதான் டாக்டர் அந்த எடைத் தாளை என் பக்கம் திருப்பினார்.

பெரிய வியாழன் அன்று மாலை. அதாவது ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்பு. இந்த வருடம் முஸ்லிம்களின் நோன்பு மாதமும் அதே சமயத்தில் வந்திருந்தது. எங்கள் லோரோங்கில் மாலை ஆறரை மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் வெங்காயம் வதங்கும் வாசம்.

பக்கத்து வீட்டு காக் யாம் ஒரு டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அறுபதைத் தாண்டிய மலாய்ப் பெண்மணி; காக் என்றால் அக்கா. சிறு வயதில் எஸ்டேட் லயத்துப் பிள்ளைகளோடு விளையாடித் தமிழ் கற்றுக்கொண்டவர். விளையாட்டில் 'நீங்க' என்று யார் பேசினார்கள்? அதனால் அவர் தமிழில் எல்லாரும் 'நீ'தான். பணியில் இருந்த முப்பத்து நான்கு வருடத்தில் என்னை யாரும் 'நீ' என்றதில்லை. இப்போது தினமும் கேட்கிறேன். உடம்புக்கு நல்லதாக இருக்கிறது.

அவர் வாசலுக்கு வந்த நேரம், நான் கரண்டியை நீட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அதிகமாகவே நீட்டிக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பால்கஞ்சி அவள் தாடையில் வழிந்தது.

"ஒரு வாய், பிலோ... ஒரே வாய். செவ்வாய்க்கிழமை டியூப் போட்டுடுவாங்க. புரியுதா இல்லையா?"

குரல் உயர்ந்துவிட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மூடியிருந்தது.

"அண்ணே, நீ ஃபோர்ஸ் பண்ணாத லா" என்றார் காக் யாம் வாசலில் நின்றபடி.

"சாப்பிட மாட்டேங்குறா, காக். என்னதான் செய்யச் சொல்றீங்க?"

காக் யாம் அருகில் வந்தார். குனிந்து பிலோமினாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"அக்கா வேணாம் சொல்லல. அக்கா புவாசா."

புவாசா என்றால் நோன்பு.

"அவ கிறிஸ்டியன், காக். இது உங்க மாசம்."

"யாரு மாசமோ எனக்குத் தெரியாது. பசி இல்லாத ஆளு மூஞ்சி வேற, அண்ணே. பசிய உள்ள புடிச்சு வச்சிருக்குற ஆளு மூஞ்சி வேற. நான் இப்போ டெய்லி கண்ணாடில பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, நோன்பு திறக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். வாசலில் திரும்பி, "நீ தொட, அக்கா வாய தொட" என்றார். அந்தத் 'தொட' என்பது 'துடை' என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

துடைத்தேன்.

சமையலறைச் சுவரில், ஒரே ஆணியில், மாதா கோயில் காலண்டர்கள் இரண்டு தொங்குகின்றன. மேலே இந்த வருடத்தது – அதில் ஒரு குறிப்பும் கிடையாது. எழுதுகிற கை போய்விட்டது. அடியில் போன வருடத்தது. தூக்கிப் போட மனம் வராமல் விட்டிருந்தேன். மேலதை ஒதுக்கிவிட்டு அடியில் இருந்ததைப் புரட்டினேன்.

தவக்காலம். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நோன்பு நாட்கள். விபூதிப் புதனில் தொடங்கி, கட்டத்துக்குக் கட்டம், அவளுடைய பொடி எழுத்தில், பென்சிலால்: ஒ.ச. ஒ.ச. ஒ.ச. திங்கள் முதல் சனி வரை. ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் காலி.

ஒ.ச.

ஒருசந்தி!

ஒரு நாளுக்கு ஒரு வேளை மட்டும் உண்டு, மற்ற வேளை பட்டினி இருப்பது. நான் பிறந்தது இந்து வீடு; அங்கே என் அம்மா சனிக்கிழமைதோறும் இருந்ததுதான். ஆனால் அதை நாங்கள் 'ஒரு பொழுது' என்போம். பொருள் ஒன்று, சொல் வேறு. அந்த ஒரு சொல் வித்தியாசத்தில் ஆறு வாரத்துக்கு மேல் தொலைந்திருக்கிறேன். முப்பத்தெட்டு வருடமாக, தவக்காலத்து இரவுகளில் அவள் சொன்னது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. "இன்னிக்கு ஒருசந்திங்க, எனக்கு வேணாம். நீங்க சாப்பிடுங்க." நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்பேன். சாப்பிடுவேன்.

என் அட்டவணையைக் கொண்டுவந்து காலண்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். தணிக்கை செய்வது எனக்கு என்ன புதிதா? ஒரு கட்டம் கூடப் பிசகவில்லை. அவள் 'ஒ.ச.' என்று எழுதியிருந்த கிழமைகளில் எல்லாம் நான் 'மறுப்பு' என்று எழுதியிருந்தேன்.

இந்த வருடம் தவக்காலம் பிறந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? அதற்கும் பதில் என்னிடமே இருந்தது. மாதா கோயிலிலிருந்து ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியை வந்து அவள் நெற்றியில் விபூதி வைத்துவிட்டுப் போனார். "பரவாயில்லையே, கடைசியில எங்க பக்கம் வந்துட்டே" என்று நான் ஜோக் அடித்தேன். அவள் அன்று இரவே வாயை மூடிக்கொண்டாள். நான் அதை என் ஜோக்கோடு கூட முடிச்சுப் போடவில்லை.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. அடுத்து? தெரிந்த காரணத்துக்குத் தீர்வு காண வேண்டும். பெரிய வெள்ளி காலையில் அந்த ஆசிரியைக்குப் போன் செய்தேன்.

"சார், அறுபது வயசுக்கு மேல ஒருசந்தி கடமையே இல்ல" என்றார் டீச்சர். "நோயாளிக்கும் கிடையாது. ரெண்டு வகையிலயும் பிலோவுக்கு விலக்கு இருக்கு."

"உறுதியா?"

"உறுதியா சார்."

"எழுத்துல கெடைக்குமா டீச்சர்?"

"சார்!"

விலக்கு! இந்தச் சொல்லுக்காக எத்தனை பேர் என் மேசை முன்னால் கைகட்டி நின்றிருக்கிறார்கள்! வரி விலக்கு, கட்டண விலக்கு, அபராத விலக்கு... கிடைத்தால் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அந்த வேகத்தில் படுக்கையருகே போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, அதிகாரப்பூர்வமாகவே அறிவித்தேன்.

"பிலோ, டீச்சர்கிட்ட கேட்டுட்டேன். அறுபதுக்கு மேல கட்டாயம் இல்ல. நோயாளிக்கும் இல்ல. ஒனக்கு ரெட்டை விலக்கு. நீ சாப்பிடலாம்."

அவள் கண்கள் என் மேல் நின்றன. ஒருசந்தி என்ற விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது. முகத்தின் இடது பாதி மெல்ல இளகியது. தன் கையிருப்பில் உள்ள நான்கு சொற்களிலிருந்து ஒன்றை எடுத்தாள்.

"ஏன்?"

நியாயமான கேள்வி. ஏன்? எழுந்து நடப்பது அவள் கையில் இல்லை. பேசுவது இல்லை. குளிப்பது, புடவையா நைட்டியா என்பது, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது – எதுவும் இல்லை. அத்தனையையும் நான் முடிவு செய்கிறேன், நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டு. அவள் உடம்பில் அவளே முடிவு செய்யக்கூடியதாக மிஞ்சியிருந்தது இரண்டு உதடுகளை மூடுவது ஒன்றுதான். அதிலும் விலக்கு வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறேன்.

அன்று இரவு கரண்டியை எடுக்கவில்லை. சனிக்கிழமை காலையிலும் இரவிலும் எடுக்கவில்லை. மதியம் அவள் கொஞ்சம் சாப்பிட்டாள், மற்ற வேளைகளில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அட்டவணையில் அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டேன். என் வாழ்நாளில் ஒரு பாரத்தைக் காலியாக விட்டது அதுவே முதல் முறை.

உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஈஸ்டரோடு தவக்காலம் முடிகிறது. ஞாயிறு எப்படியும் சாப்பிடுவாள், அதனால் ஞாயிறு ஒரு சாட்சி ஆகாது. திங்கட்கிழமை காலையில் வாய் திறந்தால், காக் யாம் சொன்னது சரி. செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருக்கும். டியூபைத் தள்ளிப்போடலாம்.

ஈஸ்டர் ஞாயிறு விடிந்தது.

முன்பெல்லாம் இந்த நாளில் வீடு அமளிப்படும். கிள்ளானில் பூசைக்குப் போய்விட்டு வந்து, அவித்த முட்டைகளுக்கு நீலம், பச்சை, மஞ்சள் என்று சாயம் ஏற்றி, லோரோங்கில் உள்ள ஏழு வீடுகளுக்கும் வேலிக்கு மேலாகக் கொடுப்பாள் பிலோமினா. இந்த வருடம் முட்டை வாங்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. வானொலியில் மழை வரும் என்றார்கள். மழையும் வரவில்லை.

ஒன்பது மணிக்கு, மறுபக்கத்து வேலியில் தலை தெரிந்தது. லியோங். வாத்தும் கோழியும் வளர்ப்பவர். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார்; தமிழில் தருகிறேன்.

"பாஸ்! எவ்ரி இயர் உங்க மிஸஸ் எங்களுக்கு முட்டை குடுப்பாங்க. இந்த இயர் எங்க டர்ன் லா."

ஒரு பிளாஸ்டிக் தட்டு வேலியைத் தாண்டி வந்தது. பன்னிரண்டு முட்டைகள். பன்னிரண்டும் ரத்தச் சிவப்பு.

"வீட்ல செவப்பு கலர்தான் இருந்துச்சு, பாஸ். பேரனுக்கு ஃபுல் மூன் செஞ்ச அன்னிக்கு வாங்குனது. ஓகே லா?"

சீனர் வீட்டில் குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்தால் சொந்தபந்தத்துக்குக் கொடுக்கிற சிவப்பு முட்டை. பிள்ளையே இல்லாத வீட்டில், எழுபத்தொரு வயதில் அதைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றேன். என்னவென்று நன்றி சொல்வது?

"ஓகே" என்றேன். "ரொம்ப ஓகே."

தட்டைப் படுக்கையருகே கொண்டுபோனேன். பிலோமினா பார்த்தாள். முகத்தின் இடது பாதி சிரித்தது. சிரிப்பில் சத்தம் கூட வந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு.

பதினோரு மணிக்குச் சாந்தி வந்தாள். ஒருசந்தி விவரத்தைச் சொன்னேன். சிவப்பு முட்டையை உரித்துக்கொண்டே கேட்டவள், பாதியில் நிறுத்தினாள்.

"அப்போ அத்தை என்னையக் கூப்புடவே இல்லையா?"

"இல்ல."

"ஓ சாந்தி, ஓ சாந்தின்னு சொல்லி... அஞ்சு நாளு லீவு, மாமா! என் மேனேஜர்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? இலக்கணப் பிழைன்னா?"

பிறகு குனிந்து அத்தையின் காதில், "அப்போ என்னையப் புடிக்கும்தானே?" என்று கேட்டாள். பிலோமினா மறுபடி அவள் கன்னத்தைத் தடவினாள். இம்முறை 'ஓ... சந்தி' இல்லை. வாயைத் திறந்தாள். மஞ்சள் கருவை மசித்துக் கஞ்சியில் கலந்து ஊட்டினாள் சாந்தி.

மாலை நாலரை மணி இருக்கும். வேலிக்கு அப்பாலிருந்து குரல். "அண்ணே! ஓய், அண்ணே!"

காக் யாம் கொல்லையில் விறகடுப்பு மூட்டி, பெரிய பானையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். சுராவுக்கு – எங்கள் லோரோங் முனையில் உள்ள சிறிய தொழுகைக்கூடம் – அன்றைக்கு நோன்புக் கஞ்சி அவர் முறை. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி நீட்டினார்.

"கோழிதான் போட்டேன், மாடு இல்ல. நீ உப்புப் பாரு. நான் வாயில வைக்க முடியாது லா. வீட்டுல எல்லாருமே புவாசா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் வேலிக்குப் பக்கத்தில் அந்த நேரத்தில் நாக்குக்குத் தடை இல்லாத ஆட்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். ஒரு கரண்டி வாயில் வைத்தேன்.

"சரியா இருக்குற மாதிரி தெரியுது."

"நீ ஆம்பள. ஒனக்கு எல்லாமே சரியாத்தான் தெரியும். அக்காகிட்ட குடு."

கொண்டுபோனேன். சாந்தி அரைக் கரண்டி எடுத்து, ஊதி, அத்தையின் நாக்கில் வைத்தாள். பிலோமினா கண்ணை மூடினாள். சமைத்த காலத்தில் அப்படித்தான் மூடுவாள். விழுங்கினாள். ஒரு முறை இருமினாள். நெற்றியைச் சுருக்கினாள். அந்தச் சுருக்கம் எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருடமாக ஓட்டல்காரர்கள் பயந்த சுருக்கம்.

"உப்பு" என்றாள்.

சாந்தி என்னைப் பார்த்தாள். நான் சாந்தியைப் பார்த்தேன். தண்ணி, வலி, ஏன், ஒருசந்தி. ஐந்தாவது சொல்!

"அத்தை, என்ன சொன்னீங்க?"

"உப்பு." இந்த முறை கொஞ்சம் எரிச்சலோடு. அடிப்படைச் சமையல் கூடத் தெரியாதவர்களிடம் மாட்டிக்கொண்டேனே என்பது போல.

நான் கிண்ணத்தோடு கொல்லைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால், என் முழங்கால் அனுமதித்த அளவுக்கு. "காக்! உப்பு பத்தாதாம்!"

"யாரு சொன்னா?"

"அவதான் சொன்னா. வாயால சொன்னா!"

காக் யாம் கிண்டுவதை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். உப்புப் பானையில் கையை விட்டு, ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். தலைமுக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தார். "பொக" என்றார்.

அன்று அந்தி, பாங்கு ஒலித்தபோது எங்கள் லோரோங் முனையில் நோன்பு திறந்தவர்கள் எல்லாரும் என் மனைவி சொன்ன உப்பில்தான் கஞ்சி குடித்தார்கள். தவக்காலத்தை முடித்த ஒருத்தி, நோன்பில் இருந்தவர்களுக்கு உப்புப் பார்த்தாள். பூசை இல்லை, பாட்டு இல்லை, வாழ்த்து அட்டை இல்லை. எங்கள் ஈஸ்டர் அவ்வளவுதான்.

இங்கேயே நிறுத்திக்கொண்டால் பத்தி அழகாக முடியும். ஆனால் வாரம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிவதில்லையே.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். கரண்டியை எடுப்பதற்கு முன்பே பிலோமினா வாயைத் திறந்தாள்.

காக் யாம் சொன்னது சரி.

ஒரு கரண்டி. இரண்டு. மூன்று. ஏழு கரண்டி வரை போனது. எட்டாவது கரண்டியில் இருமல் பிடித்தது. சாதாரண இருமல் இல்லை. முகம் கறுத்தது, கண் பிதுங்கியது, போன கஞ்சி மூக்கு வழியாக வந்தது. முதுகைத் தட்டி, பக்கவாட்டில் சாய்த்து, மூச்சுத் திரும்ப ஐந்து நிமிடம் ஆயிற்று. மூச்சுத் திரும்பியதும் அவள் என்ன செய்தாள் தெரியுமா?

மறுபடி வாயைத் திறந்தாள்.

மதியமும் அதே கதை. இரவும் அதே கதை. வாய் திறக்கிறது, தொண்டை அடைக்கிறது. அவள் திறந்துகொண்டே இருக்கிறாள். கடைசியில் நானே கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அட்டவணைப்படி பார்த்தால், அன்று மறுத்தது நான்.

செவ்வாய்க்கிழமை எடை இன்னும் இறங்கியிருந்தது. ஆறு வாரத்து விவரத்தையும் டாக்டரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆன்டி ரொம்ப ஸ்ட்ராங் அங்கிள்."

"ஒருசந்தி இருந்ததாலதான் இப்படி ஆச்சா, டாக்டர்?"

"இல்ல. தொண்டை மசில்ஸ் வீக் ஆகுது. அவங்க மூணு வேளை சாப்பிட்டிருந்தாலும் இங்கதான் வந்து நின்னிருப்போம்."

இது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. சரிபார்க்க என்னிடம் பாரம் எதுவும் இல்லை.

டியூப் போட்டார்கள். அந்தச் சின்ன புரொசீஜருக்கு அவள் எதிர்ப்புக் காட்டவில்லை. என் விரலைப் பிடித்திருந்தாள், அவ்வளவுதான். இனி உதட்டை மூடினாலும் ஒன்றுதான், திறந்தாலும் ஒன்றுதான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பையிலிருந்து அட்டவணையை எடுத்தேன். 'மறுப்பு' என்று டிக் போட்டிருந்த கட்டங்களை ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் 'ஒ.ச.' என்று எழுதினேன். அரசாங்கத் தாளில் திருத்தம் செய்தால், செய்தவர் அருகிலேயே சுருக்கொப்பம் வைக்க வேண்டும். வைத்தேன். எழுபதுக்கு மேல் திருத்தங்கள். இத்தனை திருத்தங்களோடு ஒரு தாள் என் மேசைக்கு வந்திருந்தால் அனுப்பியவனுக்கு விளக்கக் கடிதம் கேட்டிருப்பேன்.

நர்ஸ் வந்து ஒரு அச்சிட்ட தாளைக் கொடுத்தார். டியூப் வழியாக ஒரு நாளைக்கு ஆறு வேளை பால், எந்த மணிக்கு எவ்வளவு என்ற விவரம். படித்துப் பார்த்தேன். ஒரு சந்தேகம் இருந்தது, கேட்டேன்.

"சிஸ்டர், அடுத்த வருஷம் தவக்காலத்துல இத ஒரே வேளையா மாத்தித் தர முடியுமா? நாப்பது நாளைக்கு மட்டும். ஞாயித்துக்கெழம வேணாம்."

அவர் என்னையும், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் படுத்திருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் தணிந்தது.

"அங்கிள்... அடுத்த வருஷத்துக்கு இன்னும் ரொம்ப நாள் இருக்கே."

தெரியும், சிஸ்டர். விண்ணப்பத்தை முன்கூட்டியே போட்டுவைப்பது என் பழக்கம்.